ரோல் சார்

"நீங்க ரொம்பக் குடுத்து வச்சவங்க" என்று அந்த அம்மா சொன்னபோது நான் மருந்துக்கடை வரிசையில் சீட்டும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். அவர் என் கணவரின் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருப்பவர். இதற்கு முன் இரண்டு முறை பார்த்துச் சிரித்திருக்கிறோம், அவ்வளவுதான் பழக்கம். நான் எதைக் கொடுத்து எங்கே வைத்தேன் என்று யோசிப்பதற்குள் அவரே விளக்கிவிட்டார்.

"எங்க வீட்டுக்காரருக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. உங்க வீட்ல பாருங்க, சார் விடியக்காலைல எந்திரிச்சு, மாவு பிசைஞ்சு, பட்டை ரோல் சுட்டு, ஆபீசுக்கே எடுத்துட்டு வந்துடறாரு. திங்கக்கிழமை ஆனா நாங்க யாரும் காலைல வீட்ல சாப்பிடறதே இல்ல. அந்தப் பாகு ஊத்தின பன்னு இருக்கே, ஸ்டிக்கி பன், அது தனி! இப்ப ஆபீஸ்ல அவருக்குப் பேரே ரோல் சார்தான்."

நானும் சிரித்தேன். பின்னால் ஆறு பேர் நிற்கும்போது வேறு என்ன செய்வது? "ஆமாமா, அவருக்குக் கை ராசி" என்றுகூடச் சொல்லிவைத்தேன். அப்படிச் சொன்ன என் நாக்கை வீடு வரும் வரை திட்டிக்கொண்டே வந்தேன். வாங்கப் போன இருமல் மருந்தை வாங்காமலே வந்துவிட்டேன் என்பது வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

ஏனென்றால் அந்த ரோலைச் செய்வது நான். மாவு பிசைவது, பட்டையைப் பொடிப்பது, பாகு காய்ச்சுவது, அடுப்பின் முன் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பது, எல்லாம் நான். என் கணவரிடம் ஈஸ்ட் டப்பாவை எடுத்து வரச் சொன்னால் குளியலறையில் போய்த் தேடுவார். ஞாயிற்றுக்கிழமை சுட்டதில் வீட்டுக்கு வைத்ததுபோக மீதியை டப்பாவில் அடுக்கி, திங்கட்கிழமை அவர் பையில் வைத்து அனுப்புவேன். சாயங்காலம் காலி டப்பா வரும். "எல்லாரும் ரொம்ப நல்லா இருக்குன்னாங்க" என்பார். ஏழு மாதமாக அதைக் கேட்டுப் பூரித்துப்போய், அடுத்த வாரம் இரண்டு கூடுதலாகவே செய்து வைத்தேன். ஏமாளி என்று அட்டையில் எழுதி என் கழுத்தில் மாட்டியிருக்கலாம்.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இவர் விஷயத்தில் நெய்யும் பெண்டாட்டியுடையது, கையும் பெண்டாட்டியுடையது. பேர் மட்டும்தான் இவருடையது.

நான் பல் செட் கட்டும் கூடத்தில் வேலை செய்கிறேன். மெழுகில் ஈறு வடிப்பது, பல்லை வரிசையாக அடுக்குவது, தேய்த்து மெருகேற்றுவது. அந்தப் பல்லை மாட்டிக்கொண்டு சிரிக்கிறவர்கள் நன்றி சொல்வது பல் டாக்டருக்கு. அதில் எனக்கு வருத்தம் இல்லை, அது வேலை. ரோல் அப்படியல்ல. எங்கள் கூடத்துக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் ஒருநாள் பட்டை ரோல் ஒன்று வாங்கித் தின்றேன். பஞ்சை மென்றதுபோல் இருந்தது. "இதுக்கு நானே பரவாயில்லாம செய்வேன்" என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்காகச் செய்ய வேண்டியதாயிற்று.

பதினான்கு ஞாயிற்றுக்கிழமைகள் தோற்றேன். முதல் முறை பால் கொதிக்கக் கொதிக்க ஊற்றி ஈஸ்ட்டைக் கொன்றேன். இரண்டாவது முறை மாவு கையில் ஒட்டுகிறதே என்று பயந்து மைதாவைக் கொட்டிக்கொண்டே போனேன், வந்தது செங்கல். அப்புறம் வெண்ணெயை உருக்கித் தடவினேன், சர்க்கரையும் பட்டையும் அதோடு ஓடிப்போய்த் தட்டில் குளம் கட்டி நின்றன. ஒருமுறை மேலே பொன்னிறம், உள்ளே பச்சை மாவு. ஒருமுறை வெயில் நாளில் மாவை வைத்து மறந்து தூங்கிவிட்டேன். அது பொங்கி, தளர்ந்து, புளித்து, கிண்ணத்தை விட்டு வெளியே வந்து என்னைத் தேடியது. ஸ்டிக்கி பன்னில் இறங்கியபோது பாகு மணிக்கட்டில் பட்டு வெந்தது. அதற்கு அடுத்த வாரம் பயந்துபோய் ஆறவிட்டேன், பாகு தட்டோடு கல்லாகி, கூடத்திலிருந்து மெழுகுக் கத்தியைக் கொண்டுவந்து பெயர்த்தெடுத்தேன். எல்லாவற்றையும் ஒரு நீல நோட்டில் எழுதி வைத்தேன். எத்தனை தம்ளர், எத்தனை நிமிடம், எதனால் கெட்டது என்று.

அந்தப் பதினான்கு வாரமும் என் கணவர் என்ன செய்தார்? கிண்டல் செய்தார். "இத வச்சு செவுத்துல ஆணி அடிக்கலாம்" என்றார் செங்கலுக்கு. "காக்காகூடத் தொடமாட்டேங்குது பாரு" என்றார் இன்னொன்றுக்கு. பதினைந்தாவது ஞாயிறு, ரோல் பூப்போல எழும்பி வந்தபோது நாலு தின்றுவிட்டு, "டப்பால கொஞ்சம் போட்டுக் குடேன், ஆபீசுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

இதெல்லாம் மனதில் ஓட, வாசலில் நின்றபடியே குரல் கொடுத்தேன்.

"ரோல் சார் இருக்காரா?"

உள்ளே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். கல்லூரியில் படிக்கும் என் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "யாரும்மா அது?" என்றாள்.

"உங்கப்பாவக் கேளு. விடியக்காலைல எந்திரிச்சு மாவு பிசையறாராம்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து மகள் புரிந்துகொண்டாள். புத்திசாலி. இஸ்திரிப் பெட்டி சட்டை மேலேயே இருந்தது. அவளே எழுந்து போய் அதைத் தூக்கி நிறுத்திவிட்டு, சண்டை பார்க்க வசதியாகக் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"நான் செஞ்சேன்னு ஒரு தடவகூட சொன்னதில்ல" என்றார் அவர். "மொத நாள் மேனேஜர்தான் கேட்டாரு, என்னய்யா நீயே செஞ்சதான்னு. நான் சும்மா சிரிச்சேன்."

"சிரிச்சீங்க."

"ஆமா. அவ்ளோதான். அப்புறம் அவங்களா பேச ஆரம்பிச்சுட்டாங்க."

"ஏழு மாசமா சிரிச்சுக்கிட்டே இருந்தீங்களா? வாய் வலிக்கல?"

அவர் வாசலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "பத்தொம்போது வருஷமா அந்த ஆபீஸ்ல யாரும் என்னைப் பாத்து நல்லா இருக்குன்னு சொன்னதில்லடி" என்றார். "ஒரு நாள்கூட. மொத மொதல்ல சொன்னது அன்னிக்குத்தான். எனக்கு மறுக்க வரல."

எனக்கு நெஞ்சு இளகியது. பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிடம் இளகத்தான் செய்தது. அவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர். முடி அளவு கோடும் பிசகாத கை. ஒருமுறை மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்த சாலைப் படத்தில் அவர் பெயர் போட வேண்டிய கட்டத்தில் மேலாளர் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். இவர் ஒரு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். அது ஞாபகம் வந்ததும் இளகினது திரும்ப இறுகிவிட்டது.

"அந்த வலி எப்படி இருக்கும்னு தெரிஞ்ச ஒரே ஆளு இந்த வீட்ல நீங்கதான்" என்றேன். "தெரிஞ்சும் எனக்கு அதையே செஞ்சிருக்கீங்க. எனக்கு மட்டும் யாரு நல்லா இருக்குன்னு சொன்னா? பல்லப் போட்டுக்கிட்டவங்க சொன்னாங்களா? நீங்க சொன்னீங்களா? செவுத்துல ஆணி அடிக்கலாம்னீங்க."

"அப்பா, நீங்க காலி" என்றாள் மகள்.

கடைசியில் நான் கேட்டது ஒன்றுதான். அலுவலகத்தில் எல்லோர் முன்பும் அவர் வாயால் சொல்ல வேண்டும்: இதைச் செய்தது என் மனைவி. அது போதும். காசு கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. அவர் தலையை ஆட்டினார். சொல்லிவிடுகிறேன் என்றார்.

அந்த ஞாயிறு நான் மாவைத் தொடவில்லை. திங்கட்கிழமை வெறும் பையோடு கிளம்பியவர் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"இன்னொண்ணு இருக்கு" என்றார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

அவர்கள் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒரு புத்தகம் போடுகிறார்கள். ஊழியர்களின் பொழுதுபோக்கு, திறமை, அந்த மாதிரி. வெள்ளிக்கிழமை வெளியீடு. அன்றைக்கு இவர் எல்லோர் முன்பும் ஸ்டிக்கி பன் செய்து காட்ட வேண்டும் என்று மேலாளர் ஏற்பாடு செய்துவிட்டாராம். புத்தகத்தில் இவர் பக்கம் அச்சுக்குப் போய்விட்டதாம். மேசையில் இருந்தது அந்தப் பக்கத்தின் நகல். மேலே இவர் படம். என் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு எப்போது எடுத்தாரோ தெரியவில்லை.

"பதினான்கு முறை தோற்றேன்" என்று ஆரம்பித்தது கட்டுரை. "முதல் முறை பாலின் சூட்டில் ஈஸ்ட் இறந்தது. அடுத்த முறை ரோல் செங்கல்லானது. ஆனாலும் நான் மனம் தளரவில்லை."

நீல நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் பெயர்த்தெழுதியிருந்தார். வெந்த மணிக்கட்டுகூட அதில் இருந்தது. வெற்றியை எடுத்துக்கொண்டதை எப்படியாவது விழுங்கியிருப்பேன். வெற்றி என்றால் நாலு பேர் கை வைக்கத்தான் பார்ப்பார்கள். என் தோல்விகளை எடுத்துக்கொண்டாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்தப் பதினான்கு ஞாயிறுகளில் நான் தனியாக இருந்தேன். தனியாகக் கிளறினேன், தனியாகக் கருகினேன், குப்பையில் கொட்டினேன், இரண்டு முறை கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அது என் சொத்து.

"எப்படிங்க எழுத மனசு வந்துச்சு?" என்றேன். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்க வேண்டும். அவர் மூன்றடி தள்ளிப் போனார்.

"அது போன மாசமே குடுத்தது. இப்ப ஒண்ணும் பண்ண முடியாது. வெள்ளிக்கிழமை செஞ்சு காட்டிட்டு, முடிவுல நான் எந்திரிச்சு உண்மையச் சொல்லிடறேன். கௌரவமா முடிச்சுக்கலாம்."

"யாரு செஞ்சு காட்டறது?"

"நான்தான். நீ மாவு மட்டும் பிசைஞ்சு…"

"தொடமாட்டேன். ஒரு சிட்டிகை உப்புகூட எடுத்துத் தரமாட்டேன். பதினாலு தடவ தோத்தவருக்கு இது என்ன பெரிய விஷயமா?"

அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "நோட்டுல எல்லாம் இருக்கு. ஏழு மாசமா பாத்துக்கிட்டுதானே இருக்கேன்" என்றார்.

அவர் பார்த்ததெல்லாம் தட்டில் வந்து இறங்கின பிறகுதான். மீதிக் கட்டுரையைப் படித்தபோது அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஸ்டிக்கி பன் செய்யும் முறை என்று இப்படி எழுதியிருந்தார்: உருண்டைகளைத் தட்டில் அடுக்கி, மேலே பாகு ஊற்றி, அக்ரூட் பருப்பைத் தூவிச் சுடவும், எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் கவிழ்க்கவும்.

தவறு. முழுத் தவறு. பாகும் பருப்பும் முதலில் தட்டின் அடியில் போக வேண்டும். அதன் மேல்தான் உருண்டைகளை அடுக்க வேண்டும். சுட்டு எடுத்துச் சுடச்சுடக் கவிழ்க்கும்போது அடியில் இருந்தது மேலே வந்து, பாகு வழிந்து இறங்கும். அதற்காகத்தான் கவிழ்ப்பதே. என் நோட்டில் அந்த இடத்தில் "தட்டு தயார்" என்று மட்டும் எழுதியிருந்தேன், எனக்குத் தெரிந்ததை எனக்கே எதற்கு விரித்து எழுதுவது? அந்த இடைவெளியை இவர் சொந்த மூளையால் நிரப்பியிருந்தார். பாகையும் பருப்பையும் மேலே போட்டால் பிறகு எதற்குக் கவிழ்க்க வேண்டும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

சொல்ல வாயைத் திறந்தேன். அப்புறம் மூடிக்கொண்டேன். என்னுடையதில் பதினான்கை எடுத்துக்கொண்டவருக்குச் சொந்தமாக ஒன்று இருக்கட்டும் என்று தோன்றியது. தாளை மடித்து அவர் பையிலேயே வைத்தேன். "நல்லா எழுதியிருக்கீங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை நான் அரைநாள் விடுப்புப் போட்டேன். காலையில் எழுந்து எனக்கென்று ஒரு தட்டு ஸ்டிக்கி பன் சுட்டேன். மாவைச் சுருட்டி, தலையணை உறை தைக்கிற நூலை அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் குறுக்கே இழுத்து அறுத்தேன். கத்தி வைத்தால் ரோல் நசுங்கும், நூலில் நசுங்காது. கவிழ்த்து, பாகு வழிய வழிய மூடி, துணி சுற்றி எடுத்துக்கொண்டு பதினொரு மணிக்கு அந்த அலுவலகத்துக்குப் போனேன். எதற்கு எடுத்துப் போனேன் என்று கேட்டால், கர்வம்தான். வேறு காரணம் இல்லை.

சாப்பாட்டு அறையில் நாற்பது பேர் இருந்தார்கள். நீள மேசைகள், சுவரில் பழைய வரைபடங்கள், மூலையில் மின்சார அடுப்பு. என் கணவர் விடியற்காலையிலேயே வந்து மாவு பிசைந்திருந்தார். வரைபடத்துக்கு வைக்கும் எஃகு அளவுகோலால் மாவை அளந்து செவ்வகமாக்கியிருந்ததாகக் கணக்குப் பிரிவு அம்மா என்னிடம் வந்து வியந்தார். மாவு எழும்பியதாம். எழும்பாமல்? அதுவரைக்கும் என் நோட்டு வழி காட்டியதே.

அடுப்பு மணியடித்தது. அவர் தட்டை எடுத்தார். மேலே தூவிய பருப்பெல்லாம் கரிக்கட்டை. பாகு ஓரங்களில் ஓடிப்போய்க் கறுத்துக் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் கண் கலங்கியதுபோல் தட்டைப் பார்த்தார், பிறகு நோட்டில் இருந்தது நினைவுக்கு வந்து, ஒரு பெரிய தட்டை மேலே வைத்துக் கவிழ்த்தார்.

கருகின பக்கம் கீழே போயிற்று. வெளிறிய அடிப்பக்கம் மேலே வந்தது. பாதி உருண்டைகள் வரவே இல்லை, தட்டோடு ஒட்டிக்கொண்டு தொங்கின. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷத்தில் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

மேலாளர் கைதட்டினார். உடனே நாற்பது பேரும் தட்டினார்கள்.

"ஆஹா! இது புது மாதிரியா இருக்கே" என்றார் மேலாளர். "சிம்பிளா, அலட்டல் இல்லாம."

"வாசனையே தூக்குது சார்" என்றார் யாரோ. தூக்கியது கருகல் வாசனை. கணக்குப் பிரிவு அம்மா செல்போனில் படம் எடுத்தார்.

என் சந்தோஷம் அங்கேயே செத்தது. நான் இருபத்திரண்டு வருடமாக வேளா வேளைக்குச் சமைக்கிறேன். குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் வீட்டுக்கு வந்த விருந்தாளிகூட முகம் சுளிப்பான். இங்கே ஒரு ஆண்பிள்ளை கரியைச் சுட்டு வைத்திருக்கிறார், நாற்பது பேர் எழுந்து நின்று தட்டுகிறார்கள். யாரும் ஒரு வாய் தின்னவில்லை. தின்னாமலே பாராட்டு.

அவர் என்னைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. என்ன கோபம் இருந்தாலும் என்னை அறியாமல் ஒரு எட்டு முன்னால் வந்தேன்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றார். "இவ்வளவு நாளா நீங்க சாப்பிட்டது நான் செஞ்சது இல்ல. எல்லாம் செஞ்சது என் மனைவி. அந்தக் கட்டுரைல இருக்கறதும் அவ பட்ட பாடுதான்."

மேலாளர் நெஞ்சில் கை வைத்தார்.

"பாத்தீங்களா! இதுதாங்க அடக்கம். இத்தனை திறமைய வச்சுக்கிட்டு, பொண்டாட்டிக்கு விட்டுக்குடுக்கற மனசு யாருக்கு வரும்?"

முன்பைவிடப் பலமாகக் கைதட்டல். ஒருவர் விசிலடித்தார். என் கணவர் "இல்ல சார், நெஜமாவே…" என்று ஏதோ சொன்னது யார் காதிலும் விழவில்லை. சொன்ன உண்மையும் அவர் கணக்கிலேயே ஏறிவிட்டது.

கணக்குப் பிரிவு அம்மா என் தட்டில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, ஒரு பன்னை எடுத்து மேலாளரிடம் நீட்டினார். அவர் கடித்தார், கண்ணை மூடி மென்றார். பாகு விரலில் வழிந்தது.

"பிரமாதம்மா. சார் நல்லா கத்துக்குடுத்திருக்காரு."

அவ்வளவுதான். என் பொறுமை அறுந்தது.

"கத்துக்குடுத்தாரா?" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அவருக்குப் பருப்பு மேலயா கீழயான்னே தெரியாது. தட்டப் பாருங்க. பதினாலு வாரம் தோத்தது நான். வெந்தது என் கை. அந்தக் கட்டுரைல ஒரு வார்த்தைகூட அவரோடது இல்ல. பருப்ப மேல தூவச் சொன்ன ஒரு வரி மட்டும்தான் அவரோடது, அதான் கருகிக் கெடக்கு."

அறை நெளிந்தது. சிலர் தண்ணீர் குடிக்கப் போனார்கள். மேலாளர் சிரித்துக்கொண்டே கையை அசைத்தார், குழந்தை அடம்பிடித்தால் அசைப்போமே, அதேபோல.

"அட, விடுங்கம்மா. வீட்ல யாரு செஞ்சா என்ன? எல்லாம் ஒண்ணுதானே."

கோபத்தில் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இவர்கள் முன் அழுதுவிடக் கூடாது என்று துணியை மடிக்க ஆரம்பித்தேன்.

"ஒண்ணு இல்ல சார்."

சொன்னது என் கணவர். பத்தொன்பது வருடத்தில் அந்த மனிதரிடம் அவர் குரல் உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை, ஆனால் கை நடுங்கியது. ஒட்டியிருந்த தட்டிலிருந்து ஒரு உருண்டையைப் பிடுங்கி மேலாளர் கையில் வைத்தார்.

"இது நான் செஞ்சது. சாப்பிடுங்க."

"இப்பத்தான்யா அம்மா குடுத்தத சாப்பிட்டேன்."

"ஒண்ணுதானேன்னீங்க. சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க. எல்லாரும் எடுத்துக்கங்க."

மேலாளர் வேறு வழியின்றிக் கடித்தார். மென்றார். முகம் கோணியது. விழுங்கவும் முடியவில்லை, நாற்பது பேர் முன் துப்பவும் முடியவில்லை. கணக்குப் பிரிவு அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுக் காகிதத்தில் துப்பினார். "அய்ய, கசக்குது" என்றார். அந்த அறையில் அன்றைக்குச் சொல்லப்பட்ட முதல் நேர்மையான விமர்சனம் அது.

"சரிய்யா, ஒத்துக்கறேன்" என்றார் மேலாளர் தண்ணீரைக் குடித்துவிட்டு. "ஆனா புத்தகம் அச்சாயிடுச்சே. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

என் கணவர் பக்கத்து மேசைக்குப் போனார். புத்தகங்கள் அங்கே அடுக்கியிருந்தன. மேலே இருந்ததை எடுத்தார், அளவுகோலைத் தன் படம் இருந்த தாளின் ஓரத்தில் வைத்து அழுத்தினார், ஒரே இழுப்பு. தாள் சுத்தமாக வந்தது. அடுத்ததை எடுத்தார். ஐந்தாவது புத்தகத்தில்தான் மேலாளருக்கு உறைத்தது, அந்தத் தாளின் பின்பக்கம் அவர் எழுதிய "நானும் என் தலைமைப் பண்பும்" என்ற கட்டுரை இருப்பது.

"யோவ், அது என்னோடதுய்யா!"

"தெரியும் சார்" என்றபடி அவர் ஆறாவதை எடுத்தார்.

அத்தனையும் கிழித்து முடிக்கும் வரை நான் காத்திருந்தேன். யாரும் தடுக்கவில்லை. என் தட்டில் இருந்த பன் எல்லாம் அதற்குள் காலியாகியிருந்தது. கணக்குப் பிரிவு அம்மா மட்டும் அருகில் வந்து, "பருப்பு கீழயாக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். கீழே என்றேன்.

பேருந்தில் ஜன்னல் ஓரம் நான் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில், கருகின தட்டை மடியில் வைத்துக்கொண்டு. திங்கட்கிழமை அவருக்கு விளக்கம் கேட்டு ஓலை காத்திருக்கும் என்று இருவருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசவில்லை. நாலு நிறுத்தம் போனபிறகு அவர் கேட்டார்.

"பருப்பு கீழ போகணும்னு உனக்கு அன்னிக்கே தெரியும்ல? அந்தத் தாளப் படிச்சப்பவே?"

"தெரியும்."

"தெரிஞ்சே விட்டியா?"

"தெரிஞ்சேதான் விட்டேன். நாலு நாள். நீங்க ஏழு மாசம்."

எனக்குக் கோபம் முழுதாகத் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஆனாலும் அந்த மேசை முன் அவர் கை நடுங்கியதை நான் பார்த்துவிட்டேன். அதைப் பார்க்காததுபோல் இருக்கவும் முடியவில்லை.

பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அவர் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அடியெல்லாம் கறுத்த பாகு, விரலால் சுரண்டினால் நகம்தான் போகும்.

"இதை எப்படித் தேய்க்கறது?" என்றார்.

"செஞ்சவரைக் கேளுங்க" என்றேன்.